‘லூசு’ என்னும் சொல்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் அமைந்தது கிருட்டினகிரி மாவட்டம். 2004ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய இதற்கு ஒரு பக்கம் கருநாடகமும் மற்றொரு பக்கம் ஆந்திரமும் எல்லைகளாக உள்ளன. இம்மாவட்டத்தின் பெருநகரமாகிய ஓசூர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஓசூர்க் கடைத்தெருவில் ஒரு நாழிகை நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்னும் நான்கு மொழிகளும் காதில் விழும். அங்குள்ள தொழிற்சாலைகளில் ஆங்கிலச் சொற்களும் அவற்றோடு கலந்து வழங்குகின்றன. மக்கள் கலந்து வாழும் இடத்தில் சொற்களும் கலந்து வாழ்தல் இயல்பே அன்றோ?

அவ்வாறு கலந்த சொற்களுள் ஒன்று ‘லூசு’ என்பது. இச்சொல்லை அறியாத மாணவர் இலர். எழுதுகோலை வீட்டில் வைத்துவிட்டு வந்த தோழனை மற்றொருவன் ‘லூசு’ என்கின்றான். உப்பிட மறந்த தங்கையை அக்காள் ‘லூசு’ என்கின்றாள். வழி தவறி வேறு பேருந்தில் ஏறியவனையும், தெருவோரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்கும் நோயாளியையும் இதே சொல்லால் சுட்டுகின்றனர். இங்ஙனம் எளிதாக வாயில் வரும் இச்சொல் எங்கிருந்து வந்தது? இதன் பொருள் யாது? இதனை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கலாகாது? இவற்றை ஆராய்தல் பயனுடையதாகும்.

‘லூஸ்’ என்பது ஓர் ஆங்கிலச் சொல். ‘தளர்ந்த’, ‘இறுக்கமற்ற’, ‘கட்டவிழ்ந்த’ என்பன அதன் பொருள்கள். தளர்ந்த சட்டை, தளர்ந்த முடிச்சு, கழலத் தொடங்கிய திருகாணி ஆகியவற்றை ஆங்கிலேயர் இச்சொல்லால் குறிப்பர். ஒருவனுடைய அறிவு ஒழுங்காக இயங்கவில்லை என்று எள்ள விரும்பினால், அவனிடத்தில் ஒரு திருகாணி தளர்ந்துள்ளது என்று ஆங்கிலத்தில் கூறுதல் உண்டு. மனிதனுடைய அறிவை ஓர் இயந்திரமாக உருவகம் செய்து பிறந்த வழக்கு இது. அத்தொடரிலுள்ள திருகாணியை விட்டுவிட்டுத் தளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டது நம் நாட்டு வழக்கு. தமிழில் ‘மரை கழன்றவன்’ என்று கூறுவதும் இதே உருவகமே. மரை என்பது திருகாணியின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் புரியாகும்.

இங்கே மாணவர் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலேயர் ஒரு மனிதரைத் தனியே ‘லூஸ்’ என்று கூறினால், மறதியுடையவர் என்றோ அறிவு கலங்கியவர் என்றோ பொருள் கொள்ளமாட்டார்கள். ஒழுக்கத்தில் தளர்ந்தவர் என்றே பொருள் கொள்வர். ஆதலின், நம்மவர் வழங்கும் பொருளில் அச்சொல்லை ஆங்கிலப் பேச்சில் கையாளுதல் பெரும் பிழையாய் முடியும். சொல் ஆங்கிலத்தினுடையதே ஆயினும், பொருள் இந்நாட்டில் விளைந்ததாகும்.

தமிழில் புகுந்தபோது இச்சொல் தமிழ் உருவம் பெற்றது. தமிழில் சொற்கள் ‘ஸ்’ என்னும் ஒலியில் முடிவதில்லை. ஆதலின், இறுதியில் உகரம் சேர்ந்து, காசு, தூசு, மாசு என்னும் சொற்களைப் போல நெடில்தொடர்க் குற்றியலுகரமாக இது நின்றது. எனினும், இதன் முதலெழுத்து இதனை வேற்றுமொழிச் சொல் என்று காட்டிக்கொடுக்கின்றது. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது. எல்லைக்கு அப்பால் கன்னட மக்களும் இச்சொல்லை இதே பொருளில் வழங்குகின்றனர். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘துனியா’ என்னும் கன்னடத் திரைப்படத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் ‘லூஸ் மாதா’ என்பதாகும். அப்பாத்திரத்தில் நடித்த யோகேசு என்பவருக்கு அப்பெயரே பட்டப்பெயராகவும் நிலைத்துவிட்டது.

இச்சொல் வருவதற்குமுன் இத்தகைய இயல்புகளைக் குறிக்கத் தமிழில் சொற்கள் இல்லையோ எனின், நிரம்ப உண்டு. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருள் உடையன. நினைவில் கொள்ளவேண்டியதை இழத்தல் மறதி. கன்னடத்தில் இதனை ‘மரெவு’ என்றும், தெலுங்கில் ‘மதிமருபு’ என்றும் கூறுவர். மூன்று மொழியினரும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களை வழங்குதல் நோக்கத்தக்கது. செய்யும் தொழிலில் மனம் வையாமல் அங்குமிங்கும் பார்த்திருத்தல் பராக்கு. மகிழ்ச்சி மிகுதியால் கடமையை மறந்திருத்தல் பொச்சாப்பு. அது கூடாது என்பதற்காகவே திருவள்ளுவர் ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். நல்லது இது, தீயது இது எனப் பகுத்தறியாமை பேதைமை. அதற்கும் திருக்குறளில் தனி அதிகாரம் உண்டு. அறிவு நிலைமாறிக் கலங்குதல் பித்து. உடலில் பித்தம் மிகுதலால் அக்கலக்கம் வரும் என்று பழைய மருத்துவர் கருதியமையின் அப்பெயர் வந்தது.

நுண்ணிய வேறுபாடுகளைத் தனித்தனிச் சொல்லால் சுட்டும் இம்முறையே மொழியின் வளம். வேற்றுமொழிச் சொல்லுக்குரிய தமிழ்ச் சொல்லைத் தேடும் முயற்சியும் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராசாசி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916ஆம் ஆண்டில், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று நண்பருடன் சேர்ந்து ஒரு சங்கம் நிறுவினார். ஒரு பொருளுக்கு ஏற்ற சொல்லைத் தேடும்போது, அப்பொருளைப் பற்றிய எண்ணமும் தெளிவடைகின்றது.

‘லூசு’ என்னும் சொல்லின் குறை இங்கேதான் உள்ளது. அது பிறமொழிச் சொல் என்பது பெருங்குறை அன்று. வேறுவேறான மூவகை மக்களை அது ஒரே பெயருக்குள் அடைத்துவிடுகின்றது என்பதே பெருங்குறை.

முதல் வகையினர், கருத்துச் செலுத்தக் கூடியவராயிருந்தும் செலுத்தாதவர். இவர்களுடைய குறை பராக்கு. இது பழக்கத்தால் வருவது. பழக்கத்தால் திருத்தத் தக்கது.

இரண்டாம் வகையினர், ஒன்றில் ஆழ்ந்து மற்றவற்றை மறப்பவர். கிரேக்க நாட்டு அறிஞராகிய ஆர்க்கிமிடீசு, கணித ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும்போது உணவையும் மறந்திருப்பார் என்றும், பிறர் வற்புறுத்தி நீராட அழைத்துச் சென்றாலும், தம் உடலிற் பூசிய எண்ணெயின் மேலேயே விரலால் வடிவங்கள் வரைவார் என்றும் புளூட்டார்க்கு என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார். இவருடைய கருத்துச் சிதறவில்லை. ஒரே இடத்தில் குவிந்திருந்தது. வெளியே நின்று காண்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

மூன்றாம் வகையினர், முயன்றும் கருத்தை நிறுத்த இயலாதவர். சிறுவர் சிலருக்குப் பிறவியிலேயே மூளையின் வளர்ச்சிப் போக்கு வேறுபட்டு, கவனச் சிதறலும் மிகுந்த துடிதுடிப்பும் உண்டாகின்றன. மருத்துவர் இதனை ‘ஏ.டி.எச்.டி.’ என்று ஆங்கில எழுத்துகளால் குறிப்பர். இது சோம்பலும் அன்று. பெற்றோர் வளர்ப்பின் பிழையும் அன்று. இன்னும் சிலர் உறக்கமின்மையாலும், தீராத கவலையாலும், மனநோயாலும் மனம் ஒருநிலைப்படாமல் துன்புறுவர். இவர்களுக்கு வேண்டுவன பொறுமையும் பயிற்சியும் மருத்துவமுமே.

இம்மூவரையும் ‘லூசு’ என்று ஒரே சொல்லால் அழைத்தால் விளைவது யாது? பராக்குடையவன் தன் குறை இன்னதென அறியாது போகின்றான். ஆழ்ந்து எண்ணுபவன் எண்ணுவதற்கே நாணுகின்றான். நோயுற்றவனோ தன் துன்பத்தை வெளியிட அஞ்சி மறைக்கின்றான். மறைத்த நோய் வளரும்; வளர்ந்த நோய் எளிதில் தீராது. ஒரு சொல்லின் அச்சத்தால் மருத்துவத்தை இழத்தல் எத்துணைப் பெரிய கேடு!

ஆங்கிலத்தில் மறதியும் பதற்றமும் உடையவரைக் குறிக்க ‘ஸ்கேட்டர்பிரெயின்’ என்னும் பேச்சுவழக்குச் சொல் ஒன்று உண்டு. ‘சிதறிய மூளையர்’ என்பது அதன் பொருள். அச்சொல் ஓர் ஆளின் பெயராக நிற்கின்றது. தமிழில் ‘கவனம் சிதறியது’ என்று கூறும்போது, சிதறியது கவனமேயன்றி ஆள் அன்று. சிதறிய கவனத்தைத் திரும்பக் கூட்டலாம். ஆனால், ‘இவன் லூசு’ என்று ஆளுக்கே பெயரிட்டுவிட்டால், அவன் எவ்வளவு திருந்தினும் பெயர் திருந்துவதில்லை.

நோயின் பெயர் வசையாக மாறுதல் உலகெங்கும் நிகழ்ந்துள்ளது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞராகிய என்றி காடர்டு என்பவர், அறிவு வளர்ச்சி குறைந்தோருள் ஒரு பிரிவினரைக் குறிக்கக் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து ‘மோரான்’ என்னும் பெயரை ஆக்கினார். மருத்துவச் சொல்லாகப் பிறந்த அது, சில காலத்துக்குள் தெருவில் வழங்கும் வசைச்சொல்லாகியது. பின்னர் மருத்துவர் அதனைக் கைவிட்டனர். நம் நாட்டிலும் 1912ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயாளரை நிலவின் பெயரோடு தொடர்புடைய ‘லூனாட்டிக்’ என்னும் சொல்லால் குறித்தது. நிலவின் வளர்பிறை தேய்பிறைகளால் அறிவு கலங்கும் என்னும் பழைய நம்பிக்கையிலிருந்து அச்சொல் பிறந்தது. 1987ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் இடத்தில் மனநலச் சட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டில் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டமே தன் சொல்லை மாற்றிக்கொண்டது.

சொல் மட்டுமன்றி ஊர்ப்பெயரும் இவ்வாறு பழிக்கு ஆளாதல் உண்டு. 1794ஆம் ஆண்டில் தொடங்கிய தொன்மையுடைய மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ளது. பல்லாயிரவர்க்கு நலம் அளித்த அவ்விடத்தின் பெயரை ஏளனத்துக்குக் கருவியாக்கிப் பேசுவோர் இன்றும் உளர். மருத்துவமனையின் பெயரை வசையாக்குவோர், நோயாளி செல்லவேண்டிய வாயிலைத் தாமே அடைத்தவர் ஆகின்றனர்.

இனி, இச்சொல் பிறந்த உருவகத்துக்கே திரும்புவோம். ஓசூர், திருகாணிகளின் நகரம் என்னத்தக்கது. 1984ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை அங்கு உள்ளது. அசோக் லேலண்டு நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும், டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர வண்டித் தொழிற்சாலையும் அங்கு உள்ளன. எள்ளினும் சிறிய கடிகாரத் திருகாணி முதல் லாரியின் சக்கரத்தைத் தாங்கும் பெரிய போல்ட்டு வரை அங்கே இறுக்கப்படுகின்றன.

ஒரு திருகாணி ஏன் தளர்கின்றது? போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கின்றது. நீண்ட போல்ட்டு, ரப்பரைப் போலப் பழைய நிலைக்குச் சுருங்க முயல்வதால், இடையிலுள்ள பகுதிகள் அழுந்திப் பிணைகின்றன. இயந்திரம் அதிரும்போது அப்பிடிப்பு மெல்ல மெல்லக் குறைகின்றது. பக்கவாட்டில் ஏற்படும் அதிர்வே திருகாணியைப் பெரிதும் தளர்த்துகின்றது என்பதைச் செருமானியப் பொறியாளர் கெர்ஆர்டு யுங்கர் 1969ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினார். ஆதலின், தளர்ந்த திருகாணியைக் கண்ட நல்ல தொழிலாளி அதனை வைவதில்லை. அதிர்வு எங்கிருந்து வருகின்றது என்று தேடுகின்றான், அளவறிந்து இறுக்குகின்றான். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மரை அழியும் என்பதையும் அவன் அறிவான். இரும்புத் திருகாணிக்குக் காட்டும் இப்பொறுமையை மனிதனுக்குக் காட்டாதிருத்தல் முறையாகுமா?

இது வெறும் அறவுரை அன்று. தொழில் உலகம் பட்டறிந்து கொண்ட உண்மை. தகட்டை அழுத்தி வெட்டும் பெரிய இயந்திரங்களில் ஒரு நொடி கவனம் தவறினாலும் விரல்கள் போய்விடும். ஆதலால், இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி இயங்காதவாறு பல இயந்திரங்களை அமைத்துள்ளனர். அப்பொழுது எந்தக் கையும் வெட்டும் இடத்தில் இருக்க இயலாது. மனித மனம் சில வேளைகளில் சிதறும் என்பதை ஒப்புக்கொண்டு, அச்சிதறலால் தீங்கு நேராதவாறு காப்பதே இவ்வமைப்பின் நோக்கம்.

இத்தகைய காப்பு முறைகளை வகுத்தவர்களுள் சப்பானியப் பொறியாளர் சிகியோ சிங்கோ என்பவர் புகழ்பெற்றவர். தொடக்கத்தில் இம்முறையை அவர்கள் ‘பாக்கா யோக்கே’ என்று அழைத்தனர். ‘பாக்கா’ என்றால் அறிவிலி. அறிவிலிகள் செய்யும் பிழையைத் தடுப்பது என்பது அத்தொடரின் கருத்து. ஏறத்தாழ 1963ஆம் ஆண்டில், அரக்காவா என்னும் வண்டி உறுப்புத் தொழிற்சாலையில், இருக்கையின் உறுப்புகளை இடவலம் மாற்றிப் பற்றவைக்கும் பிழை நிகழ்ந்துவந்தது. அதனைத் தடுக்க ஒரு கருவியைப் பொருத்தி, அதன் பெயரையும் மேற்பார்வையாளர் விளக்கினார். அதனைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தாம் அத்துணை அறிவிலியாகவா இருந்தோம் என்று கூறிக் கண்ணீர் விட்டார். மறுநாள் அவர் வேலைக்கும் வரவில்லை.

இதனை அறிந்த சிங்கோ அப்பெயரை மாற்றினார். ‘போக்கா யோக்கே’ என்பது புதிய பெயர். ‘போக்கா’ என்றால் அறியாமல் நேரும் தவறு. தவறு நேராமல் தடுப்பது என்பது கருத்து. மாறியது ஓர் எழுத்தின் ஒலி மட்டுமே. ஆயினும், அறிவிலி என்னும் ஆள்பெயர் நீங்கி, தவறு என்னும் செயற்பெயர் அவ்விடத்தில் நின்றது. எவரும் தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டபின், தன் தவறை மறைக்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லாமற்போகின்றது. மறைக்காத தவறே திருத்துதற்கு எளிது. இப்பெயர் இன்று உலகத் தொழிற்சாலைகள் பலவற்றில் வழங்குகின்றது. சப்பானியத் தரமுறைகளைப் பின்பற்றி, 2002ஆம் ஆண்டில் அந்நாட்டின் டெமிங் பரிசைப் பெற்ற டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் ஓசூரைச் சார்ந்தது என்பது இங்கு நினையத்தக்கது.

சட்டமும் இவ்வகையில் துணை நிற்கின்றது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மனநோயையும் கற்றல் குறைபாட்டையும் தன் வரம்புக்குள் கொண்டது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுவிடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தல் அச்சட்டப்படி குற்றமாகும். ஆறு திங்கள் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனையும் தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. மருத்துவ உதவியும் தொலைவில் இல்லை. 1974ஆம் ஆண்டில் பழைய மனநல மருத்துவமனையும் பயிற்சி நிறுவனமும் இணைந்து உருவாகிய ‘நிம்கான்சு’ என்னும் தேசிய மனநல நிலையம், பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே அமைந்துள்ளது. கிருட்டினகிரிப் பகுதியிலிருந்து செல்லும் நோயாளிக்கு அச்சாலை நீண்டது அன்று. அண்டை வீட்டார் என்ன சொல்வாரோ என்னும் அச்சமே அதனை நீளச் செய்கின்றது.

அவ்வாறாயின், ‘லூசு’ என்னும் சொல்லை எவ்விடத்தும் வழங்கலாகாதோ எனின், போல்ட்டுக்கும் முடிச்சுக்கும் தொழிற்கூடத்தார் தாராளமாக வழங்கலாம். அங்கே அது பொருந்திய பொருளுடையது. நெருங்கிய தோழர் இருவர் அன்பின் மிகுதியால் ஒருவரை ஒருவர் அவ்வாறு அழைத்து நகைத்தலும் உலகில் உண்டு. ஆயினும், சொல்பவனுடைய அன்பு கேட்பவன் நெஞ்சில் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதைச் சொல்பவன் முழுதும் அறிதல் அரிது. சிரித்துக்கொண்டே கேட்டவன் தனித்திருந்து வருந்துதலும் உண்டு. பலர் நடுவில் அச்சொல் வரும்போது அன்பு மறைந்து ஏளனமே எஞ்சும்.

எழுதுகோலை மறந்துவந்த தோழனிடம் ‘மறந்துவிட்டாயா? இதனை வைத்துக்கொள்’ என்று கூறலாம். வகுப்பில் வெளியே பார்த்திருப்பவனிடம் ‘பராக்குப் பாராதே’ எனலாம். பலமுறை முயன்றும் மனம் நிலைக்காமல் வருந்துபவனை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லலாம். மூன்றுக்கும் மூன்று சொற்கள், மூன்று உதவிகள். பிழையைச் சுட்டும் சொல் பிழையை மட்டும் சுட்டவேண்டும். அதனைச் செய்த மனிதனைக் குத்தலாகாது. தளர்ந்ததை இறுக்குவதற்குக் கருவிகள் பல உண்டு. அவற்றுள் முதலாவது, அளவறிந்து கூறும் நல்ல சொல்லே ஆகும்.